குடத்தில் நான் போட்ட சீட்டு

அன்று குடத்துக்குள் குத்தகைச் சீட்டைப் போட்டவன் நான்தான். பாலாஜி இல்லை. நான்!

நான்கு ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. இப்போது உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு என்னைத் தெரியாது என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தானே?

ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம் மேற்கே போய், ஃப்ரீவேயை விட்டு இறங்கினால், நாங்கள் ஏழு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய முப்பது ஏக்கர் புல்வெளி இருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகு எல்லோரும் அங்கே வீடு கட்டி அக்கம்பக்கமாக வாழ்வது என்று திட்டம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘நாடு’. விளையாட்டாகத் தொடங்கியதுதான். போகப் போக விளையாட்டு முற்றி, நாடென்றால் சட்டம் வேண்டாமா என்றார்கள். எனக்குத் தமிழ் எழுத வரும் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கிணறு யாருக்கு, ஆடு வளர்க்கலாமா, விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம்... பதினான்கு பக்கம் எழுதினேன். சிட்டிசன்ஷிப் பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு பாடுபடவில்லை என்று என் மனைவி கேலி செய்தாள்.

நிலம் யாருடையது என்ற பக்கத்துக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

மூன்று பேர் குத்தகைக் கட்சி. நிலம் முழுவதும் பொது அறக்கட்டளையின் பெயரில் இருக்கட்டும், ஆளுக்கொரு மனை தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு என்றார்கள். விற்கிற உரிமையைக் கொடுத்தால் நம் பிள்ளைகள் கருமாதி முடிந்த வாரமே விற்றுவிடுவார்கள், அப்புறம் நாடு எங்கே இருக்கும் என்று கேட்டார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாலாஜி, சுபா, நேசன் அண்ணன் மூவரும் சொந்தக் கட்சி. ஆளுக்கொரு பத்திரம், அவரவர் பெயரில். நானும் அந்தப் பக்கம்தான் பேசினேன். நாலுக்கு மூன்று. ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

நேசன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களில் மூத்தவர். அவருக்கும் மலர் அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஊரில் இருந்த காணியை இராணுவம் வேலி போட்டு எடுத்துக்கொண்டது. அன்று கிளம்பியவர் கொழும்பு, லண்டன், ஹூஸ்டன் என்று போன இடமெல்லாம் வாடகை வீடுதான். நம்மூர்க் கடைகள் நிறைந்த ஹில்க்ராஃப்ட் தெருப் பக்கத்து அபார்ட்மெண்ட் ஒன்றிலேயே இருபத்திரண்டு வருடம் இருந்தார். தனியாக ஒரு வீடு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், சனம் இல்லாத இடத்தில் காணி எதற்கு என்பார்.

கூட்டத்தில் அவர் அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் எழுந்து நின்றார்.

“குத்தகைக்குத் தாறவன் ஒரு நாளைக்கு எழும்பிப் போ எண்டு சொல்லுவான்.”

தருபவர்களே நாம்தானே அண்ணா, நாமே நம்மை எழுப்புவோமா என்று செல்வம் சிரித்தார். செல்வம்தான் குத்தகைக் கட்சிக்குத் தலைவர்.

“எல்லா நாடும் முதல்ல அப்பிடித்தான் சொல்லும்,” என்றார் நேசன் அண்ணன்.

வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று. அதுவும் எப்படி? குடவோலை! சோழர் காலத்து முறை நம் நாட்டில் இல்லாமலா என்று செல்வம் ஒற்றைக்காலில் நின்றார். ஹில்க்ராஃப்டில் எவர்சில்வர் குடம் வாங்கி வந்தோம். ஆளுக்கு இரண்டு அச்சடித்த சீட்டு, ஒன்றில் ‘சொந்தம்’, மற்றொன்றில் ‘குத்தகை’. ஒன்றைக் குடத்தில் போட வேண்டும், மிச்சத்தைப் பார்பிக்யூ அடுப்பில் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று கடவுளுக்கு மட்டும் தெரியும்.

அதற்கு முந்தின நாள் மளிகைக்கடை வாசலில் நேசன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, எனக்கு ஒரு துண்டுக் காணி, என்ர பேரில ஒரு பத்திரம். வேற ஒண்டும் வேண்டாம். நீங்கள் மாற மாட்டியள்தானே?”

மாட்டேன் அண்ணா என்றேன்.

ஏன் மாறினேன்? கொள்கை என்று சொல்லத்தான் ஆசை... ஆனால் காரணம் ஒரு குளம். முப்பது ஏக்கரில் ஒரே ஒரு குளம், அதன் கரையில் இரண்டு பீக்கன் மரங்கள். சொந்தம் என்றால் வயதில் மூத்தவர் முதலில் மனையைத் தேர்ந்தெடுக்கலாம். குத்தகை என்றால் குலுக்கல். இந்த விதியை எழுதியவனும் நான்தான். மூத்தவர் அவர். அவர் அந்தக் கரையைத்தான் எடுப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார நான் ஏற்கெனவே மனதுக்குள் குடியேறிவிட்டிருந்தேன்!

இவ்வளவுதான். ஒரு குளத்துக்காக! எனக்கு சுகர்லேண்டில் நாலு பெட்ரூம் வீடு என் பெயரில் இருக்கிறது. அவருக்கு இந்தப் பூமியில் கால் வைக்க ஓர் அடி இல்லை. அது தெரிந்தே என் கை குடத்துக்குள் போயிற்று. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

குத்தகை நான்கு, சொந்தம் மூன்று.

குலுக்கலில் நேசன் அண்ணனுக்கு மின்கம்பிக்கு அடியில் ரோட்டோர மனை விழுந்தது. குளக்கரை செல்வத்துக்குப் போயிற்று. எனக்கு அதுவும் இல்லை... அழக்கூட யோக்கியதை இல்லாமல் கை தட்டினேன்.

மாறியது யார் என்ற கேள்வி வந்தது. வாக்கெடுப்புக்கு முந்தின வாரம்தான் பாலாஜி, குத்தகை என்றால் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் எப்படி வரும் என்று கேட்டிருந்தார். அது போதாதா? சனிக்கிழமை தவறாமல் நேசன் அண்ணனைக் கால்வெஸ்டனுக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போகிறவர் பாலாஜி. அந்தச் சனிக்கிழமையிலிருந்து நேசன் அண்ணன் கதவைத் திறக்கவில்லை. என்னிடம் மட்டும், நீங்கள் ஒருத்தராவது சொன்ன சொல்லில் நின்றீர்கள் என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

பாலாஜி என் வீட்டுக்கே வந்தார்.

“நான் சொந்தம்தாங்க போட்டேன். நீங்களாவது நம்புறீங்களா?”

“நடந்தது நடந்துபோச்சு பாலாஜி. விடுங்க,” என்றேன்.

நம்புகிறேன் என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னை நோக்கி வரும் என்ற பயம்!

சென்ற மார்ச்சில் நேசன் அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி. ரோட்டோர மனையில் அவர் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. வீடு கட்டாமல் குத்தகைதாரர் இறந்தால் மனை பொதுவுக்குத் திரும்பும்... பதினோராம் பக்கம், என் தமிழ். மலர் அக்காவிடம் அதைச் சொல்லும் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். எழும்பிப் போ என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது, நான் இருந்தேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

இறுதிச் சடங்குக்குப் பாலாஜி வந்தால் உள்ளே விடவேண்டாம், அவர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார் என்று அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் ஃப்யூனரல் ஹோம் வாசலில் நின்றேன். பாலாஜி மனைவியோடு வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். காருக்குத் திரும்பிப் போய், ஏசி போடாமல், சடங்கு முடியும்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய், நட்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். பலர் அழுதார்கள்.

மறுநாள் மலர் அக்கா கல்லறை அலுவலகத்தில் கொடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கச் சிரமம்.

“தம்பி, இது அவற்ற பேரிலதானே? அந்த இடம் அவருக்குச் சொந்தம்தானே?”

வாசித்தேன். அடக்கம் செய்யும் உரிமை மட்டுமே வழங்கப்படுகிறது, நிலம் நிர்வாகத்துக்கே உரியது என்று தெளிவாகப் போட்டிருந்தது. இரண்டு முறை வாசித்தேன். என்ன சொல்ல? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

“ஆமாக்கா. அவர் பேர்லதான். சொந்தம்.”

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், கடைசியில் அவர் தன் சொந்தக் காணியில்தான் படுத்திருக்கிறார், இந்தத் தம்பிதான் வாசித்துச் சொன்னது என்று என்னைக் காட்டுகிறார். நான் அங்கேயே உட்கார்ந்து, ஆமாம் என்கிறேன்.