ஏரிக்கரையில் இரண்டு வாரம்

இன்று மதியம் தார்ப்பாய் வாங்க சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். அடுத்த மாதம் அமெரிக்காவின் வடகோடிக் காட்டில், ஓர் ஏரிக்கரையில், தம்பியோடு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறேன்.

கடைக்கார அக்கா பாயை அளந்துகொண்டே, "எதுக்கும்மா?" என்றார். பெருமையாகச் சொன்னேன்.

"அங்க கரண்ட் கீதா?"

"இல்லக்கா."

"கொழா தண்ணி? கக்கூஸ்?"

"ரெண்டும் கிடையாது. ஏரித் தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கணும். அதுக்காகத்தானே போறது!"

அக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தோ, இந்த ஆத்தோரம் இருவது வருசம் அப்டித்தாம்மா இருந்தோம். அதுக்குப் பேரு டூருன்னு தெரியாம பூட்ச்சு."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. சமாளிப்பதாக நினைத்து, "அங்கயும் சும்மா விட மாட்டாங்கக்கா. ஒரே எடத்துல ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்றேன்.

"ரெண்டு வாரமா! எங்களுக்கு ரெண்டு நாளுதான் குடுத்தாங்க. இப்ப ஊருக்கு வெளிய கவர்மெண்டு குடுத்த வூடு, மூணாவது மாடி. கடைக்கு வர ரெண்டு பஸ்சு மாறணும்."

பாயை மடித்துக் கட்டிக் கொடுத்து, "பத்ரமா போய்ட்டு வா" என்றார். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார்.

இயற்கையோடு வாழ்வது எத்தனை நாள் வரை அனுபவம், எந்த நாளிலிருந்து ஆக்கிரமிப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விசா வந்துவிட்டது.