இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்

சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த மொட்டைமாடித் தரை, பொழுது சாய்ந்த பிறகும் உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டே இருக்கும்; கடல்காற்று வந்து அதை ஆற்றும்வரை நானும் வள்ளியும் கால் மாற்றி மாற்றி ஒற்றைக் காலில் நிற்போம். எங்கள் சொந்த வீட்டை நான் முதலில் அறிந்தது அந்தச் சூட்டின் வழியாகத்தான். மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய கட்டடத்தின் மாடியில் அது வெறும் சாக்பீஸ் கோடுகளாகக் கிடந்தது.

அந்தக் கட்டடத்தில் இரண்டு "போர்ஷன்". ஒன்றில் அத்தா, அம்மா, நான், அத்தாவுக்கு தி. நகரில் தையல் மெஷின் பழுது பார்க்கும் வேலை. இன்னொன்றில் செல்வம் சித்தப்பா, பார்வதி சித்தி, அவர்கள் மகள் வள்ளி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், சித்தப்பா ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். உறவு ஏதும் இல்லை. சித்தி என் அம்மாவை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்ததில் மற்ற முறைகள் தாமாக அமைந்துவிட்டன. வீட்டுக்காரர் இடத்தை விற்கப்போவதாகச் சொன்னதும், இரண்டு குடும்பமும் சேர்ந்து ஆதம்பாக்கத்தில் அகலம் குறைந்த ஒரு நீள மனையை வாங்கி ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டன. நடுவில் ஒரே சுவர் எழுப்பி, அதன் இரு பக்கமும் இரண்டு சின்ன வீடுகள் கட்டினால் செங்கலும் மிச்சம், இடமும் மிச்சம் என்பது அத்தாவின் யோசனை.

மேஸ்திரி காகிதத்தில் போட்டுத் தந்த "பிளான்" அம்மாவுக்கும் சித்திக்கும் பிடிபடவில்லை. "பத்துக்கு எட்டுன்னா எம்மாம் பெருசு? தரையில காட்டுங்க" என்றார் அம்மா. அப்படித்தான் அத்தா இன்ச் டேப்போடும், சித்தப்பா கடையிலிருந்து எடுத்துவந்த மீட்டர் கோலோடும் மாடியேறி, இரண்டு வீட்டையும் முழு அளவில் வரைந்தார்கள். அன்று முதல் சாயங்காலமானால் எல்லோரும் அங்கே குடிபோய்விடுவோம். குறுக்கே ஓடினால் அத்தா அதட்டுவார்: "சுவத்த மிதிக்காத, வாசல் வழியா வா!" கோடு இல்லாத இடம் வாசல். நாங்கள் திரும்பிப் போய் ஒழுங்காக வாசல் வழியே வருவோம்.

சித்திக்கு அடுப்பு தென்கிழக்கே அக்கினி மூலையில் இருந்தாக வேண்டும். வடக்குப் பாதியை எடுத்துக்கொண்டால் அந்த மூலை நடுச்சுவரை ஒட்டி அமையும். "எனக்கு எந்த மூலையும் மூலதான், நீயே வடக்க எடுத்துக்க" என்று அம்மா விட்டுக்கொடுத்தார். எங்கள் சமையலறையும் அதே சுவருக்கு இந்தப் பக்கம் வந்தது. கழிப்பறைப் பீங்கானை மேஸ்திரி மேற்கு பார்த்துப் போட்டிருந்தார். அது நாங்கள் தொழும் திசை. மேஸ்திரியிடம் அதை எப்படிச் சொல்வது என்று அம்மா கூச்சப்பட்டு நின்றபோது, சித்தி குனிந்து அந்தக் கோடுகளைக் காலால் அழித்து, தெற்கு வடக்காகத் திருப்பி வரைந்தார்; பிறகு தங்கள் வீட்டிலும் அப்படியே மாற்றினார். "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும்லா."

மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னாம்மா, தெனம் ஒண்ணு மாத்திக்கினே இருந்தா நா எப்போ கடக்கால் தோண்டுறது?"

சித்தப்பாவின் அண்ணன் ஊரிலிருந்து வந்தது அந்த வாரம்தான். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. அவர் சொல்லைத் தாண்டி சித்தப்பா எதுவும் செய்தவர் அல்ல. மாடியில் கோடுகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான். ஆனா வேத்து ஆளோட ஒத்தச் சுவரு நமக்கு வேண்டாம்டே. தனித்தனியா சுவர் வச்சு, நடுவுல ஆள் நடக்க எடம் விட்டுக் கட்டு" என்றார். சித்தப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா கீழே இறங்கிப் போனார். அன்றைக்கு எங்கள் சாப்பாட்டில் உப்பே இல்லை. கடைசியில் அம்மா அத்தாவிடம், "நம்மளால அண்ணன் தம்பிக்குள்ள சண்ட வேணாம். மனைய வித்துட்டு வேற பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் சித்தி எங்கள் வாசலில் வந்து நின்று, "அக்கா, ஒரு நிமிசம் மாடிக்கு வாங்க" என்றார். குரலில் ஏதோ இருந்தது, எல்லோரும் போனோம். நடுச்சுவரை அழித்துவிட்டு, அண்ணன் சொன்னபடியே இரண்டு சுவர்களும் இடையில் சந்துமாகப் புதுக் கோடு போட்டிருந்தார் சித்தி. அறைகள் எல்லாம் ஒடுங்கிப்போயிருந்தன. கையோடு கொண்டுவந்த அரிவாள்மணையைப் போட்டு, தன் சமையலறைக்குள் உட்கார்ந்தார். முழங்கால் கோட்டைத் தாண்டி வெளியே நின்றது.

"அத்தான், கொஞ்சம் உள்ள வாங்க" என்று சித்தப்பாவின் அண்ணனான பெரியவரைக் கூப்பிட்டார். அவரிடம் சித்தி நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததே இல்லை. பெரியவர் வாசல் வழியாகத்தான் உள்ளே போனார். சித்தியைத் தாண்டி நிற்க அவருக்கு இடமில்லை.

"இதுல எப்பிடித்தான் சோறு பொங்க? அந்த அக்கா எனக்கு வேத்து ஆளு இல்ல. வள்ளிக்கு அம்மை போட்டப்போ நானும் படுத்துட்டேன். அப்போ தெனமும் கஞ்சி வச்சுத் தந்தவக."

தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். பெரியவர் கோட்டுக்குள்ளேயே வெகுநேரம் நின்றார். பிறகு, "சுவர்ல கதவு, சன்னல் எதுவும் வைக்கப்படாது" என்றார். அவ்வளவுதான் சம்மதம். சித்தப்பா ஈரத்துணி கொண்டுவந்து இரண்டு சுவர்களையும் துடைத்துவிட்டு, பழைய இடத்தில் ஒற்றைக் கோட்டை மறுபடி இழுத்தார். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புழுக்கமா கீது" என்றார்.

கட்டி முடித்த வீடு, மாடியில் வரைந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. சுவர் எழும்பினால் இடம் சுருங்கித்தான் தெரியும் என்றார் மேஸ்திரி. கதவோ சன்னலோ இல்லாத அந்தச் சுவருக்கு இரு பக்கமும் அம்மாவும் சித்தியும் பல வருடம் சமைத்தார்கள். அங்கே தாளிக்கும் ஓசையும் இங்கே பாத்திரம் விழும் ஓசையும் இரண்டு வீட்டுக்கும் பொது.

சித்தப்பா காலமான பிறகு, பெங்களூரில் இருக்கும் வள்ளி சித்தியைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். அவர்களுடைய பாதியை விற்றுவிட்டார்கள். போன வருடம் புதிதாக வாங்கியவர்கள் அதை இடித்தார்கள். எங்கள் பக்கம் விரிசல் விழாமல் சுவரை மட்டும் நிறுத்திவிட்டுப் போனார்கள். காலி மனையில் நின்று பார்த்தால், எங்கள் வீட்டின் வெளிப்புறத்தில் சித்தியின் சமையலறை இருந்தது: பச்சை வண்ணம், அலமாரிப் பலகைகள் பதிந்திருந்த தழும்புகள், அடுப்புக்கு மேலே கரியும் எண்ணெயும் படிந்த திட்டு. அம்மா என்னை வீடியோ கால் போடச் சொல்லி, சித்திக்கு அதை மெல்ல மெல்லக் காட்டினார்.

சித்தி போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "ஐயய்ய, அந்த எண்ணெய்க் கறைய ஊரே பாக்குமே! சட்டுனு பூசச் சொல்லுங்கக்கா" என்றார். இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு நின்ற பிறகும் போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

மழைக்கு முன்பே கொத்தனார் வந்து பூசிவிட்டார். பக்கத்து மனையில் இப்போது அடுக்குமாடி எழும்புகிறது, தனக்கென்று தனிச் சுவரோடு. எங்கள் சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு கை நுழையாது. எங்கள் வீட்டின் ஓரச் சுவராகிவிட்ட அந்தச் சுவரை அம்மா இன்னமும் "நடுச்சுவர்" என்றுதான் சொல்கிறார்.