அகழியிலிருந்து பொறுக்கிய கட்டுகள்

ஐம்பது வயதைத் தாண்டி முதுகலை படிக்கப் போனவளை எங்கள் சனம் சும்மா விடுமா? அதுவும் நான் எடுத்த தலைப்பு, ரஷ்யாவில் சார் மன்னர்கள் காலத்து மாஸ்கோவில் காணி ஆவணங்களை வைத்திருந்த ஓர் அரசாங்கக் காப்பகத்தின் வரலாறு. ஒஸ்லோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள வெஸ்ட்லி நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, இது பென்சனுக்கு உதவுமா என்று கேட்பார்கள். உதவாது என்பேன். காலையில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் ரஷ்ய மொழி. என் பிடிவாதம் எனக்கு.

நெப்போலியனின் படை மாஸ்கோவுக்குள் புகுந்தபோது, சிப்பாய்கள் தங்குவதற்கு இடம் வேண்டுமென்று காப்பகத்துக் காகிதங்களை அள்ளி அகழிக்குள் எறிந்தார்கள். படை போனபின் எழுத்தர்கள் அவற்றைச் சேற்றிலிருந்து பொறுக்கி, காயவைத்து, மறுபடி கட்டினார்கள். அந்தக் கட்டுகள்தான் எனக்குத் தலையிடி. காணி உறுதிப் பத்திரம், கலியாண வழக்கு, எல்லைத் தகராறு எல்லாம் ஒரே கட்டுக்குள் கலந்து கிடந்தன. பதற்றத்தில் கண்டபடி கட்டியிருக்கிறார்கள் என்றார் என் பேராசிரியர். நானும் நம்பினேன், என் மகள் எங்கள் வீட்டுப் பையில் கைவைக்கும்வரை.

ஊரில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த காலத்துப் பழக்கம் அது. வீட்டுப் பத்திரங்கள் முழுவதும் ஆளுக்கொரு கட்டாக ஒரு பைக்குள், வாசற்கதவுக்குக் கிட்ட. ஒஸ்லோவில் இத்தனை வருடம் இருந்தும் எங்கள் பை அதே இடத்தில்தான் தொங்குகிறது. இங்கேயே பிறந்த என் மகள், கலர் கலராகக் கோப்பு அட்டைகள் வாங்கி வந்து, கடவுச்சீட்டுகள் ஒன்றில், பிறப்புச் சான்றிதழ்கள் இன்னொன்றில் என்று வகை பிரித்து அடுக்கிவிட்டுப் பெருமையோடு காட்டினாள். எனக்கு வந்ததே கோபம்.

"ஒரு அட்டை துலைஞ்சால் எல்லாரும் நடுத்தெருவிலை. ஆளுக்கொரு கட்டு. அவரவர் கட்டை அவரவர்தான் தூக்கவேணும்."

"அம்மா, இஞ்சை ஆர் ஓடப்போகினம்?"

ஆளுக்கொரு கட்டு என்று நான் சொன்னதே அந்த மாஸ்கோக் கட்டுகளை நினைவுபடுத்தியது. பிறகு கணினியைத் திறந்து, காப்பகத்தின் பழைய அட்டவணைப் படிகளைக் கட்டுக் கட்டாகப் பார்த்தேன். படையெடுப்புக்கு முன் கட்டியவை எல்லாம் வகைவாரியாக இருந்தன. பின் கட்டியவற்றில் கட்டுக்கு ஒரு குடும்பம்.

அதை ஓர் அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் நல்ல மனிதர். அழகான யோசனை, ஆனால் நிரூபிக்க முடியாது, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேறுவதே சந்தேகம் என்றார். நான் எடுக்கவில்லை. வேலை நேரத்தைக் குறைத்து, நித்திரையைக் குறைத்துப் படித்த படிப்பு. தேறாவிட்டால் அத்தனையும் வீண். ஆனாலும் எடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்குப் பேர்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பரிசோதகர் முகத்தில் சிரிப்பே இல்லாத பெண். நேரே அந்த அத்தியாயத்துக்குத்தான் வந்தார். இது பதற்றம் இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

முன் கட்டுகளையும் பின் கட்டுகளையும் ஒப்பிட்டுக் காட்டினேன். பிறகு எங்கள் வீட்டுப் பையைப் பற்றிச் சொன்னேன். "பதற்றத்தில் இருப்பவர் கைக்கு வந்ததைக் கட்டுவார். சேற்றுக் குவியலில் ஒரே குடும்பத்தின் தாள்களைத் தேடித்தேடிச் சேர்க்கமாட்டார். அவர்கள் இன்னொரு முறை ஓடவேண்டி வரும் என்று எண்ணிக் கட்டியிருக்கிறார்கள்."

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது முதலில் எழுந்து கைகொடுத்தது என் பேராசிரியர்தான். தான் பிழையாக நினைத்ததாக அவரே சொன்னார். எனக்குக் கிடைத்தது ஆக உயர்ந்த புள்ளி. அந்த அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி வெளியிடச் சொல்லி, பேர்கன்காரி கடைசியில் சிரித்தும்விட்டார். ரயிலில் வெஸ்ட்லி வரும்வரை வெட்கமில்லாமல் அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் கோப்பு அட்டைகளைக் காணவில்லை. மகள் எல்லாவற்றையும் பழையபடி ஆளுக்கொரு கட்டாகக் கட்டியிருந்தாள். என் ஆய்வேட்டை வாங்கி, என் கட்டின்மேல் வைத்து, கயிற்றை இறுக்கி, தூக்கிப் பார்த்தாள்.

"சரியான பாரம். ஓடவேண்டி வந்தால் உங்கட கட்டை நான் தூக்குறன்."