வாசல் தெரிந்த கண்ணாடி

ஒரு பழைய பீரோவுக்கு ஆசைப்பட்டு, சாகக் கிடந்த ஒருத்தியிடம் அவள் மகள் வந்து சேராமல் செய்தவள் நான்.

இதைவிட நாகரிகமாகச் சொல்ல முயன்று பார்த்துவிட்டேன்... எத்தனையோ முறை! ஒவ்வொரு முறையும் சொற்கள் எனக்குச் சாதகமாகவே வந்து உட்கார்ந்தன. இன்று அவற்றை எழுப்பிவிட்டுப் பேசுகிறேன். அதுவும் உங்களிடம். சொல்லவேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் என் வீட்டைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். எதற்கும் எதுவும் ஜோடி இல்லாத வீடு. தையல்காரர் ஒருவர் துணி வெட்டிய மேசையில்தான் சாப்பாடு. கத்தரி கீறிய கோடுகளை இழைக்க விடவில்லை. சன்னலோரம், மூடிப்போன ஒரு கிளினிக்கில் நோயாளிகள் காத்திருந்து காத்திருந்து பளபளப்பாக்கிய பெஞ்சு. ஒரு சுவருக்கு ஒரு பொருள், சுற்றிலும் வெறுமை. வார்னிஷ் கூடாது, எண்ணெய்த் துணி போதும். காயங்கள் தெரியவேண்டும். இது என் பாணி. யாரையும் பார்த்துச் செய்ததில்லை.

எங்கே கற்றீர்கள் என்று கேட்பார்கள். சிரித்து மழுப்புவேன்.

எழவு வீடுகளில் கற்றேன்.

ஆம், துக்கம் விசாரிக்கப் போன வீடுகளில்! எல்லோரும் பிணத்தைப் பார்ப்பார்கள். நான் அதற்குப் பின்னால் நின்ற அலமாரியைப் பார்ப்பேன். ஒப்பாரிக்கு நடுவே நாற்காலியின் காலை நகத்தால் சுரண்டி, தேக்கா வேம்பா என்று அறிந்துகொள்வேன். காரியம் முடிந்ததும் பழையதைக் கழித்துவிடத் துடிக்கும் பிள்ளைகளின் முகம் எனக்கு அத்துப்படி. மொரப்பூர் சாலையில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏங்க்கா, எந்த வூட்டுக்குப் போனாலும் எனக்கு முந்தி நீங்க நிக்கிறீங்க. எமனுக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் பேச்சுவார்த்தை இருக்குதா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு, எமனுக்கு முன்பாகவே போகத் தொடங்கினேன்...

ராஜம்மா பக்கத்துத் தெருக்காரி. என்னைவிட மூத்தவள், அக்கா என்பேன். கணவன் இல்லை. அவள் படுக்கையில் விழுந்தபின், மகன் குமார் கடைக்குப் போய்விடும் பகல்களில் கஞ்சி கொண்டுபோனது நான். தெருவே என்னை மெச்சியது. கஞ்சிக்காகவா போனேன்?

அவள் கால்மாட்டில் நின்றது அந்த பீரோ. தேக்கு. பித்தளைக் கைப்பிடி. கதவில் ஆளுயரக் கண்ணாடி, ஓரங்களில் ரசம் போய்க் கரும்புள்ளிகள். என் வடக்குச் சுவர் அதற்காகவே காலியாக இருந்தது. "அம்மாவுக்கு அப்பறம் நீங்களே எடுத்துக்கிங்க சின்னம்மா, இந்தப் பழச வெச்சு நான் என்ன பண்ண?" என்று குமார் சொல்லியிருந்தான். அளவெடுத்து வந்து, சுவரில் சாக்பீஸால் கோடுகூடப் போட்டுவிட்டேன். அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே!

அவளுக்கு ஒரு மகள் உண்டு, செல்வி. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனவள். "என் சாவுக்குக்கூட வராதே" என்று ராஜம்மா தெருவே கேட்கக் கத்தி அனுப்பினாள். அதன்பின் அந்தப் பெயரை வீட்டில் எடுக்கக் குமார் விட்டதில்லை.

ஒரு மதியம் ராஜம்மா என் கையைப் பிடித்தாள்.

"சரசு, செல்விய வரச் சொல்றியா? குமாரு காதுக்குப் போவாம..."

எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. சத்தியமாக! அடுத்த வார்த்தை வரும்வரை.

"இந்த பீரோ எங்கம்மா வூட்டுச் சீரு. பொண்ணுக்குத்தான் சேரணும். சாவிய நானே அவ கையில குடுத்துடறேன். கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சுன்னு சொல்லு சாமி."

யார் யாரிடமோ விசாரித்து வாங்கி, மனப்பாடமாக வைத்திருந்த எண்ணைச் சொன்னாள். கைபேசியில் பதிந்துகொண்டேன். தெருவுக்கு வந்தேன்.

அழைக்கவில்லை.

சாயங்காலம் பேசலாம் என்றேன், எனக்கு நானே. சாயங்காலம் வந்ததும், நாளைக்கு என்றேன். குமாருக்குத் தெரிந்தால் ரகளையாகும் என்றேன். எத்தனை நல்ல காரணங்கள்! எதுவும் பொய்யில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் தேக்கு மணத்தது.

"பேசினியா?" என்றாள் மறுநாள்.

"பேசிட்டேன்க்கா. லீவு கெடச்சதும் வர்றாளாம்."

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். வாசல் அவள் தலைமாட்டுக்குப் பின்னால். கழுத்தைத் திருப்ப முடியாது. ஆனால் பீரோக் கண்ணாடியில் வாசல் தெரியும். அதையே பார்த்துக் கிடந்தாள். நான் நுழையும்போது கண்ணாடிக்குள் அவள் முகம் ஒளிரும். யாரென்று தெரிந்ததும் அணையும். தினமும்! அந்த அணைதலைப் பார்த்துக்கொண்டே கஞ்சியை ஆற்றினேன்.

"பஸ்ஸு கெடச்சிருக்காது. வந்துருவா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். ஓசூரில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்... தலையாட்டினேன்.

அப்படிப் பார்த்தபடியே போனாள். கண்ணை மூடிவிட்டது என் கைதான்.

பீரோ வந்தது. சாக்பீஸ் கோட்டுக்குள் இம்மி பிசகாமல் நின்றது. வந்தவர்கள் வாய்பிளந்தார்கள். எனக்கோ, அதில் என் வீட்டு வாசல் தெரிந்தது. யார் நுழைந்தாலும் திரும்பிப் பார்க்காமல், முதலில் கண்ணாடியைப் பார்க்கப் பழகிவிட்டேன். யாரை எதிர்பார்த்து? இடம் மாற்றினேன். எங்கே வைத்தாலும் வாசலின் ஒரு துண்டு அதற்குள் வந்துவிட்டது. வெள்ளைத் துணியால் போர்த்தினேன். நிறுத்திவைத்த பிணம்போல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஒரு பகலில் அதற்குள் ராஜம்மாவின் நெற்றி நுழைந்தது.

செல்வி! அம்மா இறந்ததை அவளுக்கு யாருமே சொல்லவில்லை. கேள்விப்பட்டபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"கடைசில நீங்கதான் அம்மாவப் பாத்துக்கிட்டீங்களாமே, சின்னம்மா" என்று காலில் விழப்போனாள். தடுத்து, நாற்காலியில் உட்காரவைத்தேன். பீரோவைப் பார்த்ததும் எழுந்து போய், கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டுங்க. இல்லன்னா எங்கண்ணன் வெறகாக்கி இருப்பான். எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க சின்னம்மா... எம் பேர எடுத்தாங்களா? கோவத்தோடவேதான் போனாங்களா?"

பதில் என் நாக்கில் இருந்தது. அவள் அம்மாவே தந்தனுப்பிய வாக்கியம்! அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: யாரிடம் சொன்னார்கள்? எனக்கு ஏன் வந்து சேரவில்லை?

"நெனவில்லாமத்தான் கெடந்தாங்க கண்ணு. ஒன்னும் பேசல."

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேங்க" என்றாள். அழக்கூட இல்லை. காபியை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு எழுந்தாள்.

தெருமுனை வரை மெதுவாகத்தான் நடந்தாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். வாயைக்கூடத் திறந்தேன்...

உள்ளே வந்தேன். அவள் உட்கார்ந்ததில் நகர்ந்துபோயிருந்த நாற்காலியை, பழைய கோணத்துக்குத் திருப்பி வைத்தேன்.