ஒருக்களித்தும் சரியாத வயிறு

செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்திரண்டு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். நாலு வரி எழுதவே எனக்கு நேரமாகும். ஆனால் படுத்திருக்கும் ஆளை வலிக்காமல் திருப்ப என்னை மிஞ்சி அங்கே ஆள் கிடையாது.

ஒரு நாள் தேவகி வந்தாள். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவள். நிறைமாசம் மாதிரி வயிறு. கூட வந்த புருஷன் வாசலிலேயே கத்தினான்.

"வயித்துல தண்ணி கோத்துக்கிச்சின்னு ரெண்டு ஆஸ்பத்திரில ஊசி குத்தினாங்க ஆயா. சொட்டு வரல. இன்னிக்கும் ஒண்ணும் தெரிலன்னா வூட்டுக்கு இட்டுகினு போயிடுவேன். இனிமே எவனையும் தொட வுடமாட்டேன்."

"குத்து வாங்கினது நானு, கத்துறது இவரு" என்றாள் தேவகி.

டாக்டரம்மா ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார். ஒருக்களிக்கச் சொன்னார். திருப்பினேன்.

"சரியாத் திருப்புங்க ஆயா. உள்ளே எல்லாம் அப்படியே நிக்குதே."

தண்ணி கோத்த வயிறு என்றால், திருப்பினதும் கவரில் கட்டின தண்ணி மாதிரி பாரம் பக்கவாட்டில் இறங்கி என் கைக்கு வந்துவிடும். இவளுக்கு வரவில்லை.

"சரியாத்தான் திருப்பிக்கீறேன் டாக்டரம்மா. ஆளு திரும்பிட்டாங்க, வயிறுதான் திரும்பல. கை வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். மறுபக்கம் திருப்பச் சொல்லி அங்கேயும் அமுக்கிப் பார்த்தார். பிறகு, "சிடி ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார்.

படம் வந்ததும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஈரலின் ஓரம் அங்கங்கே அமுங்கி, பள்ளம் பள்ளமாக இருந்தது.

"தண்ணியா இருந்தா ஈரலை இப்படி அமுக்காது. இது ஜெல்லி மாதிரி கெட்டி. ரொம்ப அபூர்வமான கேன்சர் ஆயா. குடல்வால்ல ஆரம்பிச்சு வயித்தோட உள்சவ்வு பூரா பரவும்."

எத்தனையோ வயிற்றைத் தொட்டவள் நான். எல்லோருக்கும் உள்ளே இப்படி ஒரு சவ்வு போர்த்தியிருப்பது அன்றுதான் தெரியும். கத்தி படாமலே மிஷின் அவளை வில்லை வில்லையாகக் காட்டிவிட்டது.

"ஆபரேஷன் பெருசு. ஆனா சென்னைல செய்றாங்க" என்றார் டாக்டரம்மா. புருஷன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

"அழுறத வுட்டுட்டு, சென்னைக்கு பஸ்ஸு எங்க நிக்கும்னு கேளுய்யா" என்றாள் தேவகி.

போனாள். அந்த ஜெல்லியை வழித்தெடுத்து, வயிற்றுக்குள் சூடாக மருந்து ஓடவிட்டார்களாம். ஆறு மாசம் கழித்துச் செக்கப்புக்கு நடந்தே வந்தாள்.

ஸ்கேன் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மிஷின் பெரியதுதான், டாக்டர் படித்தவர்தான். ஆனாலும் உங்கள் கைக்குத் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அன்றைக்கு ரிப்போர்ட் அடித்ததும் டாக்டரம்மா, "ஒருக்களிச்சும் நகரலைன்னு எழுதியிருக்கேன். அது நீங்க சொன்னது" என்றார். எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.