பெரிய மாமாவின் சுண்டு விரல்

மனிதனின் சுண்டு விரலைப் பின்பக்கமாக மடக்கினால் "மளுக்" என்று ஒரு சத்தம் வரும். பச்சை முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி இருக்கும், கேட்டவர்களுக்கு மறக்காது. நான் பத்து வயதில் கேட்டேன். மெர்டேக்கா, அதுதான் நாட்டுச் சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்காவே தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டம், ஊர்வலம், லாரி லாரியாக வெளியூர் ஆட்கள் என்று காஜா பெராங் சாலை கலகலத்துக் கிடக்க, பெண்பிள்ளை வைத்திருந்த வீடுகளில் மட்டும் வயிற்றில் நெருப்பு.

"கண்டவனும் திரியிறான், வாசல்ல நிக்காதே" என்று அம்மா கத்தியதோடு சரி. கண்டவன் கையைப் பிடித்தால் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. சொன்னது என்னைவிட எட்டு வயது மூத்த தனம் அக்கா. தையல் வகுப்பில் அவளுக்கு ஒரு மலாக்கா செட்டிப் பெண் சிநேகிதி; தமிழ் வராது, மலாய்தான், ஆனால் அண்ணன்மார் பழகிய சிலாட் சண்டைக் கலையை அவள் ஒளிந்து பார்த்துக் கற்றதில் பாதி எங்கள் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. "மணிக்கட்டைப் பிடிச்சா இழுத்துப் பாக்காதே, அவனுக்குத்தான் பலம் ஜாஸ்தி. சுண்டு விரலைத் தேடிப் பிடிச்சு மடக்கு, கத்திக்கிட்டே ஓடு" என்பாள் அக்கா. "ஜாஙான் தாக்குட்", பயப்படாதே, என்று சிநேகிதியின் சொல்லை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு என் கையை இறுக்குவாள், நான் மடக்குவேன், "ஐயோ, கொலைகாரி!" என்று சிரிப்பாள். எனக்கு அலுத்துப்போனாலும் விடமாட்டாள். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டதற்கு, "ஊர்வலத்துக்கு வர்ற ஆளுங்களுக்காகத்தான், வேற என்னா" என்றாள்.

ஊர்வலத்துக்கு வந்தவன் எவனும் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தவர் பெரிய மாமா. அப்பாவுக்குத் தூரத்து மச்சான். உறவில் அவர் பேச்சைத் தட்ட ஆளில்லை. அக்காவுக்குச் சிரம்பானிலிருந்து கணக்கெழுதும் கிராணி மாப்பிள்ளையைக் கொண்டுவந்ததே அவர்தான் என்பதால், பரிசம் போடுகிற அன்று எங்கள் வீட்டுத் தட்டைத் தூக்கி மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுக்கிற மரியாதையும் அவருக்கே என்று பேசியிருந்தார்கள். அவர் தட்டைத் தொடவில்லையென்றால் பரிசம் இல்லை.

பரிசத்துக்கு முந்திய வாரம் ஒரு மத்தியானம், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன அவருக்குத் துண்டு கொடுத்துவரச் சொன்னாள் அம்மா. நீட்டினேன். துண்டை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தவர், "சத்தம் போடாதே பாப்பா" என்று குளியலறைக்குள் இழுத்தார். அது நான் அறிந்த மாமாவின் குரலே இல்லை. நான் யோசிக்கவில்லை, என் கை அதுவாகவே அந்த விரலைத் தேடிப் பிடித்தது. மளுக்!

அவர் போட்ட கூச்சலில் வீடே திரண்டது. "கன்னத்தைக் கிள்ளலாம்னு கிட்ட போனேன் தங்கச்சி, ராட்சசி மாதிரி வெரலை ஒடிச்சுப்புட்டா! இந்த வீட்டுத் தட்டை நான் இனிமே எப்பிடித் தொடுறது?" என்று அம்மாவிடம் குதித்தார்.

"பொய்! என்னை உள்ள இழுத்தாரு! யாரு இழுத்தாலும் வெரலை மடக்கணும்னு அக்காதான் சொல்லிக்குடுத்துச்சு, கேளுங்க!" என்று நான் அலறினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பாதி தைத்த ரவிக்கையோடு நிலைப்படியில் நின்ற அக்கா முதலில் மாமாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "நான் ஒன்னும் சொல்லிக்குடுக்கல. இது வாயைத் தொறந்தாலே பொய்தான்."

மாமா கெட்டவர் என்பது எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அக்காவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுதான் விளங்கவில்லை. "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மா முணுமுணுத்தாள். அந்த ஆயிரத்தில் எத்தனையாவது பொய் என் தலையில் விழுந்ததோ! மறுநாள் காலை வெற்றிலை பாக்குத் தட்டோடு என்னை அவர் காலில் விழவைத்தார்கள். துணி சுற்றிய அதே கையால் எனக்குத் திருநீறு பூசினார் பாருங்கள், அந்த மகானுபாவர்! பரிசத்தன்று தட்டும் அந்தக் கையாலேயே மாறியது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது "கதவுல மாட்டிக்கிச்சு" என்று சிரித்தார். என் ரத்தம் கொதித்தது. இப்போது இதை எழுதும்போதும் கொதிக்கிறது.

இருந்தாலும் கூடப்பிறந்தவள் அல்லவா, எப்படி ஒரேயடியாக வெறுப்பது? பாவம், அவளுக்கு எப்படித் தெரியும், கண்ணால் பார்த்தாளா, மாமா கிள்ள வந்ததை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி, அவள் பிள்ளைகளைத் தூக்கினேன், அவள் வீட்டு விசேஷங்களில் பரிமாறினேன், அத்தான் போனபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

போன மாதம் புக்கிட் பாருவில் அக்காவின் கொள்ளுப்பேத்தி கராத்தே பழகுவதைப் பார்க்கப் போயிருந்தோம். வெள்ளைச் சட்டையில் குட்டிப் பெண்கள் "ஹா, ஹூ" என்று கத்த, தாய்மார்கள் பெருமையோடு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பாமலேயே பேசினாள்.

"அந்த ஆளு என்னையும் அப்பிடித்தான்டி இழுத்தாரு. அடுத்து உன்கிட்டதான் வருவாருன்னு தெரியும். அதுக்குத்தான் உனக்குச் சொல்லிக்குடுத்தேன்."

காஜா பெராங்கில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள், மாமா செத்துச் சாம்பலாகி எத்தனையோ காலம் ஆயிற்று. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. அவளுக்குத் தெரியாது என்ற ஒன்றை வைத்துத்தான் இத்தனை வருஷமும் அவளுக்குத் தங்கையாக இருந்தேன். அன்றைக்கு அதுவும் போய்விட்டது.