எட்டு வாரம் முளைக்காத கிருமி

இப்பல்லாம் ரெண்டே மணி நேரமாம். சளியை ஒரு மெஷின்ல வச்சா, காசநோய்க் கிருமி இருக்கா, அது முக்கியமான மருந்துக்குக் கேக்குமா கேக்காதான்னு அதுவே சொல்லிடுமாம். போன வாரம் கிளினிக்ல ஒரு சின்ன நர்ஸ் சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்கு வயிறு எரிஞ்சுது. நாங்க எட்டு வாரம் காத்துக் கிடந்தோம், அதுவும் வீணுக்கு!

எண்பதுகளோட ஆரம்பம் அது. தேக்காவில ஒரு கடைவீட்டு மாடியில குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஜூரோங்ல கப்பல் பட்டறையில வெல்டர். நோய்னு தெரிஞ்சதும் வேலைக்கு லீவு. அஞ்சு மாசமா தினமும் காலையில கிளினிக்குக்குப் போய், நர்ஸ் கண்ணெதிரே மாத்திரையை முழுங்கி, ஊசியும் போட்டுக்கிட்டு வந்தார். ஒரு நாள் தப்பலை. அப்படியும் இருமல் விடலை. இந்த மருந்து இவர் கிருமிக்கு வேலை செய்யலை போலன்னு டாக்டருக்குச் சந்தேகம். எது வேலை செய்யும்னு தெரியாம மாத்தினா புது மருந்துக்கும் கிருமி பழகிடுமாம். அதனால சளியில இருக்கிற கிருமியை லேப்ல வளர்த்து, அது மேல ஒவ்வொரு மருந்தாப் போட்டுப் பாக்கணும்னாங்க. முட்டையில செஞ்ச பச்சைப் பசையில வளர்ப்பாங்களாம்.

"அடக் கொடுமையே! இந்த மனுஷனை ஒரு முட்டை சாப்பிட வைக்க நான் மல்லுக்கட்டுறேன், அங்கே கிருமிக்கு முட்டை விருந்தா?"ன்னேன். தமிழ் நர்ஸ் ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க சிரிக்கலை. மூடி போட்ட சின்னப் போத்தலைக் கையில கொடுத்து, "காலையில எழுந்ததும் நல்லா இருமி எடுக்கச் சொல்லுங்க. எச்சில் வேணாம்லா, சளி"ன்னாங்க.

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தாச்சு. அப்புறம் வாராவாரம் நான் கவுண்டர்ல போய் நிப்பேன். இன்னும் வளரலை. அடுத்த வாரம், இன்னும் வளரலை. அது என்ன கிருமியா, காஞ்ச வெந்தயமா? அதுவரைக்கும் அதே பழைய மாத்திரைதான். இவர் பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டாச்சு. காலையில கம்பெனி பஸ் வர்ற நேரத்துக்குச் சன்னல்கிட்ட போய் நிப்பார், பஸ் போனதும் வந்து படுத்துக்குவார். நான் கவுண்டர்ல கத்தினா இவர் பின்னாடி நின்னு, "விடு, போலாம் வா"ம்பார். "வாயைத் திறந்து நீங்களும் ஒரு வார்த்தை கேட்டா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"னு நடுரோட்டுல இவரையும் பிடிச்சுக் கத்துவேன்.

எட்டாவது வாரம் ரிப்போர்ட் வந்துச்சு. ஒண்ணுமே வளரலை. கிருமி ஒழிஞ்சுதுன்னு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நர்ஸ் முகம் மலரலை. "மைக்ராஸ்கோப்ல பாத்தா நிறையக் கிருமி தெரியுதும்மா. ஆனா ஒண்ணுகூட வளரலை. போத்தலை ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"செய்யாம? யார் யார் துப்பின போத்தலோ! டெட்டால் ஊத்தி ரெண்டு தரம் கழுவினேன். வாடை வரக்கூடாதுன்னு உள்ளேயே ஒரு மூடி டெட்டால் விட்டும் வச்சேன்."

எவ்வளவு பெருமையாச் சொன்னேன் தெரியுமா! நர்ஸ் பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. "அது புதுப் போத்தல்மா. கிருமியை நீங்களே கொன்னு கொடுத்துட்டு, எங்களை வளர்க்கச் சொன்னா எப்படி?"

இவர் அப்பவும் பின்னாடி நின்னு, "விடு, போலாம் வா"ன்னார்.

மறுபடி போத்தல். கழுவாத போத்தல். கிருமி வளர அஞ்சு வாரம், மருந்து பாக்க இன்னும் ஒரு மாசம். பழைய மருந்துல ரெண்டு சுத்தமா வேலைக்கு ஆகலைன்னு தெரிஞ்சு மாத்தினாங்க. பிழைச்சுட்டார். ஆனா அதுக்குள்ள வலது நுரையீரலோட மேல்பாகம் போயிருச்சு. கப்பல்ல ஏணி ஏற முடியலை, பட்டறை ஸ்டோர்ல உக்கார வச்சாங்க.

அப்புறம் மார்சிலிங்ல வீடு கிடைச்சுது. ஆறாவது மாடி. லிஃப்ட் எல்லா மாடியிலேயும் நிக்காது, அஞ்சாவதுல இறங்கி ஒரு மாடி ஏறணும். அந்த ஒரு மாடிக்கே நடுவுல உக்காந்துடுவார். ஒரு நாள் அப்படி உக்காந்திருந்தப்போ, அத்தனை வருஷம் கேக்காததைக் கேட்டேன்.

"அன்னிக்குப் போத்தலைத் திறந்தப்போ டெட்டால் வாசம் அடிக்கலையா உங்களுக்கு?"

"அடிச்சுது. குப்புனு அடிச்சுது."

"அப்போ ஏன் சொல்லலை?"

மூச்சு வாங்கிக்கிட்டுதான் சொன்னார். "சொன்னா நீ கத்துவே."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவருக்கு இன்னும் மூச்சு அடங்கலை. பக்கத்துப் படியில உக்காந்துட்டேன்.